ஃபேன்டஸி கிரிக்கெட்டில் அப்பா மட்டும் எப்படி ஜெயிக்கிறார்?

கேள்வி: சார், தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா விசைப்படகில் டிரைவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம், அதனால் வீட்டில்தான் இருக்கிறார். அப்பா, தம்பி, சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் சேர்ந்து ஐபிஎல் ஆட்டங்களுக்கு ஃபேன்டஸி டீம் போட்டு விளையாடுகிறார்கள். அதாவது ஆடப்போகிற இரண்டு அணியிலிருந்தும் பதினொரு பேரை நாமே தேர்ந்தெடுப்பது, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கிற ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் நமக்குப் புள்ளி. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கிரிக்கெட் பார்ப்பேன், பிடிக்கும். ஆனால் இந்தப் புள்ளிக் கணக்கு பிடிபடவில்லை. மூன்று ஆட்டம் ஆடினேன், மூன்றிலும் கடைசி இடம். முதல் ஆட்டத்துக்குப் போட்ட டீமை இதோடு அனுப்பியிருக்கிறேன். டீம் எப்படிப் போடுவது? டெலிகிராமில் ஓர் ஆள் ஆட்டத்துக்கு 99 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘ஜெயிக்கிற டீம்’ தருகிறாராம், வாங்கலாமா? தம்பிக்கு யாரோ ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆப்பில் 49 ரூபாய் கட்டினால் நிஜப் பணம் ஜெயிக்கலாமாம். சேரலாமா? கடைசியாக ஒன்று. அப்பா எல்லா ஆட்டத்திலும் யாராவது பந்துவீச்சாளரைத்தான் கேப்டனாகப் போடுகிறார். எங்கள் பட்டியலில் அவர்தான் முதலிடம். எப்படி சார்?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, தங்கச்சிமடம்

பதில்:

தங்கச்சிமடத்துத் தங்கச்சிக்கு வணக்கம். நான் ராமநாதபுரத்துக்காரன், தொழில்முறை ஸ்கோரர். இருபது வருடமாக லீக் ஆட்டங்களுக்கு மைதானத்து ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, பந்து பந்தாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் என் பதில் ரசிகனின் பதிலாக இருக்காது, கணக்குப்பிள்ளையின் பதிலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றிய கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் டீம். பதினொரு பேரில் ஏழு பேர் சென்னை. சரி, நம் ஊரில் இதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதில் இரண்டு பேர் அன்றைக்கு ஆடவே இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேரில் நான்கு பேர் ஐந்தாவதுக்குக் கீழே இறங்குகிறவர்கள். கேப்டனாக, அதாவது புள்ளி இரண்டு மடங்காகும் ஆளாக, நீங்கள் போட்டவர் ஏழாவதாக வரும் அதிரடிக்காரர். அன்று அவருக்குக் கிடைத்தது 4 பந்து. அதில் 9 ரன் எடுத்திருக்கிறார். குறையே சொல்ல முடியாத ஆட்டம். அவர் என்ன செய்வார் பாவம், மிச்சம் இருந்ததே அவ்வளவுதானே.

நீங்கள் திறமையைப் பார்த்து டீம் போட்டிருக்கிறீர்கள். ஃபேன்டஸியில் திறமைக்குப் புள்ளி கிடையாது, நடந்த வேலைக்குத்தான் புள்ளி. ஒரு ஆளுக்கு இன்றைக்கு எத்தனை பந்து கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அவர் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பது அதற்கு அடுத்தது.

தோனியையே எடுத்துக்கொள்வோம். 2024 ஐபிஎல்லில் 14 ஆட்டம் ஆடினார். மொத்தம் 161 ரன், ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எடுக்கும் ரன்) 220. அந்த வருடம் அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோதெல்லாம் சேப்பாக்கம் எப்படி அலறியது என்று நினைவிருக்கும். சரி, எத்தனை பந்து ஆடினார்? சீசன் முழுவதும் சேர்த்து 73. ஆட்டத்துக்கு ஐந்து பந்து கணக்கு. இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். 2013 ஏப்ரல் 23, பெங்களூரு. புனே அணிக்கு எதிராக கிறிஸ் கெயில் ஓப்பனிங் இறங்கி 175 ரன் அடித்துக் கடைசிவரை நின்ற ஆட்டம். அன்று ஒரே ஆட்டத்தில் அவர் ஆடியது 66 பந்து. ஒருவருக்கு ஒரு சீசனில் கிடைத்ததை இன்னொருவர் ஒரு சாயங்காலத்தில் கிட்டத்தட்ட வாங்கிவிட்டார். தோனி கெட்டிக்காரரா, கெயில் கெட்டிக்காரரா என்ற சண்டைக்கு இங்கே இடமே இல்லை.

ஒரு இன்னிங்ஸுக்கு 120 பந்து. அதைப் பதினொரு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வதில்லை. உங்கள் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். படகு வந்து டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, டிரைவருக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்று பங்கு வைப்பது போலத்தான். மேலே மூன்று பேருக்குப் பெரிய பங்கு. நாலும் ஐந்தும் ஆட்டத்தைப் பொறுத்து. ஆறாவதுக்குக் கீழே மிச்சம் மீதி. ஆகவே புதிதாக டீம் போடுகிறவர்கள் இரண்டு அணியிலும் முதல் மூன்று இடத்தில் இறங்குகிற ஆறு பேரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து நான்கு பேரையாவது எடுப்பது என்று தொடங்கினாலே கடைசி இடத்திலிருந்து மேலே வந்துவிடலாம். நம்ம சாய் சுதர்சன் 2025-இல் 15 ஆட்டத்தில் 759 ரன் எடுத்து, சீசனில் அதிக ரன் எடுத்தவருக்குத் தரும் ஆரஞ்சு தொப்பியை வாங்கினார். அவர் அருமையான பேட்ஸ்மேன், சந்தேகமே இல்லை. ஆனால் அவரை ஏழாவதாக இறக்கியிருந்தால் அந்தத் தொப்பி வந்திருக்காது.

பந்துவீச்சில் கணக்கு வேறு. ஒருவருக்கு அதிகபட்சம் 4 ஓவர், 24 பந்து. யார் நாலு ஓவரும் முழுதாகப் போடுகிறார், யார் ஒன்றிரண்டோடு நிறுத்தப்படுகிறார் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், எந்த ஓவரைப் போடுகிறார் என்பது. 17-லிருந்து 20 வரை போடுகிறவருக்கு அடி விழும், கூடவே விக்கெட்டும் விழும். அந்த நேரத்தில் பேட்ஸ்மேன்கள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார்கள், எல்லைக்கோட்டில் நிற்கிறவன் கையில் பந்து போய் விழும். ஹர்ஷல் படேல் 2021-இல் 32 விக்கெட் எடுத்ததில் பெரும்பங்கு இந்தக் கடைசி ஓவர்களில் வேகம் குறைத்துப் போட்ட பந்துகளுக்குத்தான். டிவியில் அவர் ரன் கொடுப்பதைப் பார்த்து ‘ஐயையோ’ என்போம். ஸ்கோர் புத்தகத்தில் விக்கெட் பத்தி நிரம்பிக்கொண்டிருக்கும்.

ஆல்ரவுண்டர் என்ற சொல்லை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். ஐந்துக்குள் இறங்கி மூன்று நான்கு ஓவரும் போடுகிறவர் தங்கம், அவரை விடவே கூடாது. எட்டாவதாக இறங்கி ஒரு ஓவர் போடுகிறவரையும் ஆப்பில் ஆல்ரவுண்டர் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அடுத்தது டாஸ். ராத்திரி ஆட்டம் 7.30-க்கு என்றால் டாஸ் 7 மணிக்கு. டாஸ் முடிந்த பிறகுதான் ஆடும் பதினொரு பேர் யார் என்பது உறுதியாகும். நீங்கள் மத்தியானமே டீமைப் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டீர்கள், அதனால்தான் பெஞ்சில் இருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மத்தியானம் யோசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிவை 7 மணிக்கும் 7.30-க்கும் நடுவில் எடுங்கள். 2023-இலிருந்து, ஆட்டத்தின் நடுவே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளும் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி வேறு இருக்கிறது. முதலில் பேட்டிங் செய்தால் ஒரு பட்டியல், பந்துவீசினால் இன்னொரு பட்டியல் என்று கேப்டன்கள் மாற்றிக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய பந்துவீச்சாளர் முதல் பட்டியலில் இல்லாமல் மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேரில் ஒளிந்திருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

இப்போது புதியவர்கள் அநேகமாகச் செய்கிற ஒரு தப்பு. ஓர் அணியின் ஓப்பனர் இரண்டு பேரையும் எடுத்துவிட்டு, எதிரணியில் முதல் ஓவர்களைப் போடுகிற இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களையும் எடுப்பார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓப்பனர்கள் நிலைத்தால் அந்தப் பவுலர்களுக்குப் புள்ளி இல்லை, பவுலர்கள் சாய்த்தால் ஓப்பனர்களுக்குப் புள்ளி இல்லை. ஆக எது நடந்தாலும் உங்கள் டீமில் பாதி தண்டம். அதற்குப் பதிலாக, இன்றைக்கு ஆட்டம் இப்படித்தான் போகும் என்று ஒரு கதையை நம்புங்கள். உதாரணத்துக்கு, சேப்பாக்கத்தில் பந்து நின்று வருகிறது, முதலில் ஆடுகிறவர்கள் 150-ஐ தாண்டத் திணறுவார்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது பந்துவீசும் அணியை விட முதலில் பந்துவீசும் அணியின் சுழற்பந்து வீச்சாளர்கள் மேல் கை வையுங்கள், ஏனென்றால் பனி இறங்கியபின் ஈரப் பந்தைச் சுழற்பந்து வீச்சாளரால் பிடிக்கவே முடியாது. 150-ஐ துரத்துகிற அணியில் ஐந்து, ஆறு, ஏழாவது ஆட்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு இறங்கும் வேலையே வராமல் போகலாம். இதுவே பெங்களூரு என்றால் கதையை மாற்ற வேண்டும். அது சின்ன மைதானம், அங்கே சுழற்பந்து வீச்சாளரை நம்பி நான் பலமுறை கெட்டிருக்கிறேன்.

கதை பொய்த்தால் மொத்தமாகப் பொய்க்கும், அது உண்மைதான். ஆனால் பலித்தால் மொத்தமாகப் பலிக்கும். ஐந்து பேர் போட்டியில் முதலிடம் வர அதுதான் வழி. எல்லாக் கதையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்தால் எப்போதும் மூன்றாவது இடம்.

ஆப்பில் 100 கிரெடிட்டுக்குள் பதினொரு பேரை வாங்கச் சொல்வார்கள். ஓர் ஆளுக்குச் சராசரி 9 சொச்சம்தான். புதிதாக வருகிறவர்கள் ஐந்து நட்சத்திரத்தை வாங்கிவிட்டு மீதியை ஒப்பேற்றுவார்கள். கையில் இருக்கிற காசுக்கெல்லாம் சீலா மீன் வாங்கிவிட்டால் குழம்புக்குப் புளி வாங்கக் காசு இருக்காது. விலை குறைந்தவர்களில் வேலை நிறைய உள்ளவர் யார் என்று தேடுங்கள். காயத்தால் ஒரு ஓப்பனர் உட்கார, அவர் இடத்தில் புதுப் பையன் ஒருவன் இறங்குகிறான் என்றால் அன்றைக்கு அவன்தான் உங்கள் காரல் மீன். விலை கம்மி, ருசி கம்மி இல்லை.

கேப்டன் போட்டவருக்குப் புள்ளி இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலர் பழகிய சுலபமான கணக்குப்படி ஒரு ரன்னுக்கு 1, ஃபோருக்குக் கூடுதலாக 1, சிக்ஸருக்குக் கூடுதலாக 2, விக்கெட்டுக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஆப்புக்கு ஆப்பு இது மாறும், முதலில் அதன் விதிப் பக்கத்தைப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை.) மேலே சொன்ன கெயில் ஆட்டத்தில் 175 ரன், 13 ஃபோர், 17 சிக்ஸர். 175, 13, 34, ஆக 222. அன்று கடைசியில் விளையாட்டாகப் பந்தையும் வாங்கி இரண்டு விக்கெட் எடுத்தார், அதற்கு 50. மொத்தம் 272. கேப்டனாகப் போட்டிருந்தவருக்கு 544. மீதிப் பத்துப் பேரும் சுமாராக ஆடினாலும் அன்று அந்த ஆள்தான் முதலிடம். ஆகவே டீம் போட உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறதென்றால், கேப்டனுக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சரி, அந்த 99 ரூபாய் ஆள்.

வாங்காதீர்கள். அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒருவரே இருபது குழு வைத்திருப்பார். இருபது குழுவுக்கும் இருபது வேறு வேறு டீம் அனுப்புவார். ராத்திரி அதில் ஒன்று எப்படியும் மேலே வரும். மறுநாள் காலையில் அந்த ஒன்றின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எல்லாக் குழுவுக்கும் போகும், ‘நேற்று நம்ம டீம் அள்ளியது’ என்று. தோற்ற பத்தொன்பது குழுவில் இருப்பவர்கள் மற்ற குழுக்களைப் பார்க்க முடியாது. தங்கள் ராசிதான் சரியில்லை என்று நினைத்து மறுபடி 99 அனுப்புவார்கள். அது போக, ஜெயிக்கிற டீம் ஒருவருக்கு நிஜமாகவே தெரிந்தால் அதை 99 ரூபாய்க்கு ஏன் விற்கிறார்?

லிங்க் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தம்பியிடம் அந்த ஆப்பை அழிக்கச் சொல்லுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதத்துக்கே அதில் இடமில்லை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்தினால் 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை உடனே நிறுத்திவிட்டன. இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம் லெவனே நிறுத்தியது, சட்டையிலிருந்து பெயரும் போனது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், முறையாக நடத்தியவர்களே கடையை மூடிய பிறகு, வாட்ஸப்பில் லிங்க் அனுப்பி, ஆப் ஸ்டோரில் இல்லாத ஆப்பை இறக்கச் சொல்லி 49 ரூபாய் கேட்கிறவர் யாராக இருப்பார்? நீங்கள் ஜெயித்தாலும் அந்தப் பணத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? தம்பி ஏற்கெனவே பணம் கட்டி, வங்கி விவரமும் கொடுத்து ஏமாந்திருந்தால், கூச்சப்படாமல் 1930-க்கு இன்றே போன் செய்யுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 131 ரூபாய். அதில் 49 என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். படகு கரையில், கையில் போன், ராத்திரிதோறும் ஐபிஎல். வருடத்திலேயே கையில் காசில்லாத இரண்டு மாதத்தில்தான் இந்த ஆசையும் வந்து நிற்கிறது. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பையன்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

நானும் யோக்கியன் இல்லை. 2019-இல், அப்போது நம் மாநிலத்தில் இதற்குத் தடை இல்லை, ஒரு ஆப்பில் ஆட்டத்துக்கு 49 ரூபாய் என்று சீசன் முழுக்கக் கட்டினேன். 60 ஆட்டம், 2,940 ரூபாய். திரும்பி வந்தது 890. ஸ்கோரருக்கே இந்தக் கதி. பணத்தை விட எனக்கு இன்றைக்கும் வலிப்பது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம், சாயங்காலம் 4 மணிக்கு ஐபிஎல்லும் இருந்தது. மேஜைக்கு அடியில் போனை வைத்து என் டீமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் சத்தம் அடங்கிப்போனது போலிருக்கவே நிமிர்ந்தேன். அம்பயர் ஒற்றைக் காலைத் தூக்கி, முழங்காலில் கை வைத்தபடி, கொக்கு மாதிரி என்னையே பார்த்து நிற்கிறார். லெக் பை சைகை. ஸ்கோரர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன் என்று காட்டினால்தான் அவர் காலை இறக்க முடியும், அடுத்த பந்தும் போட முடியும். எவ்வளவு நேரம் நின்றாரோ. இரண்டு அணியும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீசன் முடிந்ததும் அந்த ஆப்பை அழித்தேன்.

ஆனால் ஃபேன்டஸியை விடவில்லை, பணத்தைத்தான் விட்டேன். காசில்லாமல் ஆடினால் இது நல்ல விளையாட்டு. ஆட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுத்தரும். ஐபிஎல்லின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே இலவச ஃபேன்டஸி இருந்து வந்திருக்கிறது. இருந்தாலும், ஐந்து பேர் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு எதற்கு ஆப்? இந்த விளையாட்டு இன்றைய வடிவத்துக்கு வந்ததே ஆப் மூலமாக இல்லை. 1980-இல் நியூயார்க்கில் ஒரு உணவகத்தில் டேனியல் ஓக்ரண்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் கூடி, பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் ஆடினார்கள்.

நீங்களும் அப்படி ஒன்று செய்யலாம். இரண்டு அணியிலும் சேர்த்து ஆடுகிறவர்கள் 22 பேர். நீங்கள் ஐந்து பேர். ஆளுக்கு நாலு பேர் என்றால் 20. கணக்கு அழகாக விழுகிறது பாருங்கள்! டாஸ் போட்டதும் 22 பெயரையும் தாளில் எழுதுங்கள். சீட்டுக் குலுக்கி யார் முதல், யார் கடைசி என்று முடிவு செய்யுங்கள். முதல் ஆள் ஒருவரை எடுக்கிறார், அவர் பெயரை அடித்துவிட வேண்டும், வேறு யாரும் அவரை எடுக்க முடியாது. இப்படி ஐந்தாவது ஆள் வரை போய், அங்கிருந்து அவரே மறுபடி எடுத்துத் திரும்பி வர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. கடைசியில் எடுக்கிறவருக்கு அடுத்தடுத்து இரண்டு பேர் கிடைப்பதால் நஷ்டமில்லை. நாலு சுற்று முடிந்ததும் அவரவர் நால்வரில் ஒருவரைக் கேப்டனாகச் சொல்லிவிடுங்கள். புள்ளிக்கு மேலே சொன்ன கணக்கோடு கேட்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12, பேட்ஸ்மேன் ரன் எடுக்காமல் அவுட் ஆனால் 2 குறைவு என்று சேர்த்துக்கொண்டால் போதும். கடைசி இடம் வந்தவர் மறுநாள் வீட்டுக்கு வருகிற மீனைக் கழுவ வேண்டும் என்று வையுங்கள். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாதே, எப்படியும் மீன் வரும்.

இதோடு ஒரு நோட்டு போடுங்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, உங்களுக்கு அட்டவணை போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரி: எத்தனையாவதாக இறங்கினார், எத்தனை பந்து ஆடினார், எத்தனை ஓவர் போட்டார், எந்தெந்த ஓவர். ரன்னும் விக்கெட்டும் வேண்டாம், அதை எல்லோரும் பார்க்கிறார்கள். நாங்கள் ஸ்கோர் புத்தகத்தில் ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி வைப்போம். ஒரு ஓவரில் ஆறும் புள்ளியாக விழுந்தால் அந்த ஆறையும் கோடு போட்டு இணைத்து ஆங்கில எம் எழுத்தாக்கிவிடுவோம், அதுதான் மெய்டன். அதிலேயே ஒரு விக்கெட்டும் விழுந்திருந்தால் அந்தக் கோடு டபிள்யூ ஆகும். டி20-இல் அந்த எழுத்துகள் அபூர்வம். ஒரு பவுலர் பக்கத்தில் சீசனில் இரண்டு மூன்று முறை அப்படி வந்தால், தலைப்புச் செய்தியில் அவர் பெயர் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். பத்து ஆட்டத்துக்கு நோட்டு எழுதுங்கள். ஓர் ஆட்டத்து முடிவை வைத்து எதையும் மாற்றாதீர்கள். எப்பேர்ப்பட்டவரும் ஒருநாள் முதல் பந்திலேயே ஸ்டம்பைப் பறிகொடுப்பார், அதற்கு நோட்டு பொறுப்பில்லை.

இப்போது அப்பா.

ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் வேலையைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பேசினோம்? பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. நல்ல ஓப்பனர்கூட இரண்டாவது பந்தில் அவுட் ஆகிவிட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது, இரண்டு மடங்கு பூஜ்யம். பந்துவீச்சாளர் அவுட் ஆவதே இல்லை. முதல் பந்தில் சிக்ஸர் வாங்கினாலும் இன்னும் 23 பந்து பாக்கி இருக்கிறது. ஒரு மோசமான ஓவர் போட்டவரையும் மைதானத்தில் நிற்கிற கேப்டன் கடைசியில் மறுபடி கூப்பிடுவார், அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் இருக்காது. எண்ணாகவும் பாருங்கள். ஹர்ஷல் படேலின் 32 விக்கெட்டும் 15 ஆட்டத்தில் வந்தவை. விக்கெட்டுக்கு 25 என்றால் 800, ஆட்டத்துக்கு 53. சாய் சுதர்சனின் 759-ம் 15 ஆட்டத்தில் வந்ததுதான், ரன்னுக்கு மட்டும் ஆட்டத்துக்கு 50 சொச்சம், ஃபோர் சிக்ஸரைச் சேர்த்தால் அவர் கொஞ்சம் மேலே போவார். அந்தந்த சீசனின் முதல் ஆட்கள் இருவரும், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் பேட்ஸ்மேனையே கேப்டனாகப் போடுகிறபோது, ஓப்பனர்கள் சீக்கிரம் போகிற ராத்திரிகளில் உங்கள் அப்பா மட்டும் தனியாக மேலே போய்விடுகிறார்.

ஆனால் அவர் எந்தப் பந்துவீச்சாளரை எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கவனியுங்கள். நாலு ஓவரும் நிச்சயம் போடுகிறவர், அதில் ஒன்றிரண்டு கடைசி ஓவர்களாக இருக்கிறவர், இப்படித்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன் (காசில்லாமல்). விசைப்படகு டிரைவர் அல்லவா, வலை எத்தனை நேரம் தண்ணீரில் கிடக்கிறது என்று பார்த்துப் பழகிய ஆள். நாளைக்குச் சீட்டுக் குலுக்கியதில் உங்கள் முறை அவருக்கு முன்னால் வந்தால், பேட்ஸ்மேன் பக்கமே போகாமல் அவர் கண் வைத்திருக்கும் அந்தப் பவுலரை முதல் சுற்றிலேயே தூக்கிவிடுங்கள். கொஞ்ச நேரம் முனகுவார். அடுத்து யாரை எடுக்கிறார் என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.